மூன்று வேலை நாள் பொறுக்கச் சூரியனுக்குத் தெரியாது

அயனிமண்டலக் கூட்டு அளவீட்டுக்கு நேரம் ஒதுக்கும் குழுவின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டின் அட்டவணை வந்து சேர்ந்தது. தேதிகளெல்லாம் மாறியிருக்கின்றன; அந்த ஒரு வரி மட்டும் மாறவில்லை. காற்றை அளக்கும் ரேடாரை அயனிமண்டலத்தை (வளிமண்டலத்துக்கு மேலே உள்ள மின்னேறிய அடுக்கை) அளக்கும் முறைக்கு மாற்ற மூன்று வேலை நாட்களுக்கு முன்பே எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டுமாம். புவிகாந்தப் புயலைக் கிளப்பும், சூரியனிலிருந்து வரும் பிளாஸ்மா மேகம் (மின்னேறிய வாயு) பூமியைத் தொட ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். வேகமானது ஒரு நாளுக்குள்ளேயே வந்துவிடும். இது உங்களுக்குத் தெரியாததா? உங்களில் சிலர் இதையே வகுப்பில் நடத்துகிறவர்கள்.

2024 மே 10, வெள்ளிக்கிழமை, அட்சய திருதியை. இரவு 10.35 வாக்கில் புவிகாந்தப் புயலின் முதல் அதிர்ச்சி பதிவானது. மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை. காலை எட்டு மணியளவில், புயலின் வலிமையைக் காட்டும் டிஎஸ்டி குறியீடு (கீழே போகப் போகப் புயல் வலிது) மைனஸ் 400 நானோடெஸ்லாவுக்கும் கீழே போயிருந்தது. இருபது ஆண்டுகளில் அப்படி ஒரு புயல் வந்ததில்லை. லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்த படம் எல்லோர் கைப்பேசிக்கும் வந்தது. இன்னொரு பெரும்புயல் அதே ஆண்டு அக்டோபர் 10 இரவு ஏறத்தாழ 8.45-க்கு, விடிந்தால் ஆயுத பூசை. அதற்கடுத்தது 2025 ஜனவரி 1. அரசு விடுமுறைப் பட்டியலை யாரோ சூரியனுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள் போலும். உங்கள் கூட்டு அட்டவணையில் இந்த மூன்று நாட்களும் வெற்றுக் கட்டங்கள். கன்சோலுக்குச் சந்தனப் பொட்டு வைப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. அதற்காக ஸ்விட்சை அணைக்க வேண்டுமா?

வடக்கே திருப்பதி அருகிலுள்ள காதங்கியிலும் தெற்கே திருநெல்வேலியிலும் கருவிகள் இருக்கின்றன, திறமையான ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் எங்களுக்குக் குறையே இல்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பணியில் இருக்கும் பொறியாளரே இயக்கமுறையை மாற்றட்டும், கையெழுத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளட்டும்.

இந்த மாற்றம் எவ்வளவு சின்ன வேலை, ஆனால் தவறவிட்டால் எவ்வளவு பெரிய நட்டம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றை அளக்கும் முறையில் ரேடார் துடிப்புகளுக்கு இடையே 1 மில்லிவினாடி விட்டால் 150 கி.மீ. வரைதான் தொலைவு தெளிவாகத் தெரியும். அதே முறையில் புயல் இரவில் ஓடவிட்டால் 350 கி.மீ. தொலைவிலுள்ள பிளாஸ்மா குமிழியின் (எலக்ட்ரான் குறைந்து கொந்தளிக்கும் பகுதியின்) எதிரொலி 50 கி.மீ.யில் வந்து உட்காரும். பிறகு எந்தக் கணிப்பொறியாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. 600 கி.மீ. வரை பார்க்க இடைவெளி 4 மில்லிவினாடிக்குக் குறையக் கூடாது. அடுத்தது கற்றையின் திசை. நம் வட்டாரத்தில் காந்தப் புலக்கோடு 13, 14 டிகிரி சரிந்து வடக்கே இறங்குகிறது. ரேடார் கற்றை அதற்குச் செங்குத்தாக இருந்தால்தான் எதிரொலி கிடைக்கும். ஆகவே கற்றையையும் அதே அளவு வடக்கே சாய்க்க வேண்டும். உச்சியைப் பார்த்தபடியே விட்டால் மேலே குமிழி கொதித்துக்கொண்டிருக்கும், திரையில் வெறும் இரைச்சல் ஓடும். இரண்டும் ஒரு கோப்பில் நாலைந்து எண்களைத் திருத்துகிற வேலை. அந்த எண்களைத் தொடும் உரிமைக்குத்தான் மூன்று வேலை நாள்.

பகலிலும் சும்மா இருக்கத் தேவையில்லை. 150 கி.மீ. உயரத்தில் பகலில் கிடைக்கும் எதிரொலியின் டாப்ளர் நகர்விலிருந்து (அலைவெண் மாற்றத்திலிருந்து) பிளாஸ்மா மேலே போகிறதா, கீழே இறங்குகிறதா என்று சொல்லிவிடலாம். அந்த மே 11 காலை எட்டு மணிக்கு இதை அளந்திருந்தால் புயலின் மின்புலம் நேராகக் கையில் கிடைத்திருக்கும்.

கூட்டு அளவீடு என்ற பெயருக்கு வருவோம். இங்கே இரவு 10.35 என்றால் பெருவின் ஜிகமார்கா ரேடார் நிலையத்தில் நண்பகல் 12.05. புயலின்போது சூரியக் காற்றிலிருந்து உடனடியாக ஊடுருவும் மின்புலம் பொதுவாகப் பகல் பக்கத்தில் கிழக்கு நோக்கியும் இரவுப் பக்கத்தில் மேற்கு நோக்கியும் இருக்கும். அங்கே அயனிமண்டலத்தைத் தூக்கும் அதே விசை இங்கே அழுத்தும். இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் அது புயலின் வேலையா, அன்றாட ஏற்ற இறக்கமா என்று பிரிக்க முடியும். இந்த ஊடுருவல் பெரும்பாலும் ஓரிரு மணி நேரந்தான் நீடிக்கும். அயனிமண்டலத்தின் உயரத்தை ரேடியோ அலையால் அளக்கும் அயனோசோண்டைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடவிட்டால் அதன் முக்கியத் திருப்பங்கள் இடைவெளியில் விழுந்துவிடும். ஐந்து நிமிடமாவது வேண்டும். பதிவுகளை யுனிவர்சல் நேரத்தில் (கிரீன்விச் நேரத்தில்) எழுதுங்கள். நம் நேரத்துக்கும் அதற்கும் உள்ள ஐந்தரை மணியின் அந்த அரை மணியை ஒருவர் கழித்து இன்னொருவர் மறந்தால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். ஜிபிஎஸ் ரிசீவரின் விநாடிக்கு 50 பதிவுகளைச் சுருக்கி வைத்துக்கொண்டு மூலத்தை அழிக்கும் வழக்கத்தையும் விடுங்கள். ஹார்ட் டிஸ்க் இப்போது அவ்வளவு விலையில்லை.

இதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களின் கவலை என்று நினைத்தால், பாலாற்றங்கரையில் ஜிபிஎஸ் ரோவர் (நகரும் ரிசீவர்) கம்பைப் பிடித்து நிற்கும் அளவையாளரைக் கேளுங்கள். சிக்னல் வரும் பாதையில் எலக்ட்ரான் அளவு 10 டெக் அலகு கூடினால் ஜிபிஎஸ்ஸின் எல்-1 அலைவரிசையில் பிழை 1.6 மீட்டர். வேலூர், காந்த நடுக்கோட்டுக்கும் அதன் வடபுறத்தில் எலக்ட்ரான் குவியும் முகட்டுக்கும் நடுவே, சரிவில் இருக்கிறது. ராணிப்பேட்டையில் நிலையாக உள்ள பேஸ் ரிசீவர் காட்டும் திருத்தம் அணைக்கட்டில் பொருந்தாது. துல்லியமான ஃபிக்ஸ் போய், துல்லியம் குறைந்த ஃப்ளோட் வந்துவிடும். கருவி கெட்டுவிட்டதென்று சர்வீஸுக்கு அனுப்பிப் பணம் கட்டியவர்கள் உண்டு. ஜவ்வாது மலையில் கேமரா வைத்து மேல்வானத்தின் மங்கிய ஒளிர்வைப் படம்பிடிக்கலாமே என்பீர்கள். ஐப்பசி மேகத்தை எந்தக் கேமரா ஊடுருவும்? ரேடாருக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. தலைநகரத்துக் கருத்தரங்குக்கு விமான டிக்கெட் அன்றைக்கே கையெழுத்தாகிறது, ஜெனரேட்டர் டீசலுக்கு மாதக்கணக்கில் கோப்பு நகர்கிறது என்பதையெல்லாம் இங்கே இழுக்க வேண்டாம்தான். இழுத்துவிட்டோம், பொறுத்தருளுங்கள்.

மறுபடியும் பணிவாகக் கேட்கிறோம்: இயக்கமுறையை மாற்றும் உரிமையைப் பணியில் இருப்பவரிடம் கொடுங்கள். உங்கள் வேலை குறையட்டும் என்று திருத்த வாசகத்தையும் எழுதிவிட்டோம்:

"பிளாஸ்மா மேகம் கிளம்பிய எச்சரிக்கை வந்ததும் ரேடார், ஏசி, ஜெனரேட்டர் ஆகியவை தயார் நிலையில் வைக்கப்படும். பூமிக்குச் சூரியன் பக்கம் உள்ள எல்-1 புள்ளியில் இருக்கும் ஆதித்யா எல்-1 போன்ற விண்கலங்களின் கருவிகளில் சூரியக் காற்றின் வேகம் திடீரென எகிறி, காந்தப் புலம் தெற்கே திரும்பி 10 நானோடெஸ்லாவைத் தாண்டினால் பணியில் உள்ள பொறியாளர் உடனே அயனிமண்டல முறைக்கு மாற்றலாம். புயல் கிளப்பும் மேல்வளிக் காற்றால் உண்டாகும் மின்புலம் பல மணி நேரம் பிந்தி வருவதால் 48 மணி நேரம் தொடரலாம். ஒப்பிட அதே மாதத்தின் அமைதியான நாட்கள் இரண்டிலும் அதே முறையில் அளக்க வேண்டும். காரணத்தை அடுத்த வேலை நாளில் எழுதித் தந்தால் போதும்."

சூரியக் காற்று விநாடிக்கு 800 கி.மீ. வேகத்தில் வந்தால் எல்-1 புள்ளியிலிருந்து பூமிக்கு அரை மணி நேரம். அதற்குள் உங்களில் மூவரைத் தொலைபேசியில் பிடிப்பது கடினம், அதுவும் இரண்டாம் சனிக்கிழமை.

இப்படிக்கு,
வேலூர், காட்பாடி, ஆற்காடு வட்டார ஹாம் வானொலி நண்பர்கள், நில அளவையாளர்கள்