பினாங்கு போகும் மைனிக்கு

அன்புள்ள மைனிக்கு,

மகள் பேறுகாலத்துக்குப் பினாங்கு புறப்படுகிறீர்கள். பெட்டியில் பாதி அவலும் நேந்திரங்காய் வற்றலும் நார்த்தங்காய் ஊறுகாயும்தான் என்று அண்ணன் சொன்னார். கொண்டு போங்கள், நல்லதுதான். ஆனால் சீனாக்காரன் கடைப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டீர்களாமே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் சொல்வது பெரிய ஓட்டல் இல்லை மைனி. பினாங்கு ஜார்ஜ் டவுன் தெருவில் நாலைந்து மேசை போட்ட ஒரு தியோச்சியூ கஞ்சிக்கடை. தியோச்சியூக்காரர்கள் தென்சீனத்தில் குவாங்டாங் மாகாணத்துக் கடற்கரையிலிருந்து வந்து குடியேறியவர்கள். சீனர்களிலேயே கான்டனீஸ்காரர்கள் அரிசி தெரியாத அளவுக்குக் கஞ்சியைக் குழைய விட்டுவிடுவார்கள். இவர்கள் அப்படி இல்லை. பருக்கை உடையாமல் அடியில் கிடக்கும், மேலே தெளிந்த கஞ்சித் தண்ணீர் நிற்கும். தக்கலையில் நீங்கள் வடிக்காமல் இறக்கி வைப்பீர்களே, அதே பதம். நம்முடையது சிவப்புச் சம்பா, அவர்களுடையது வெள்ளைப் பச்சரிசி, அவ்வளவுதான் வித்தியாசம்.

கஞ்சியில் சுவை என்று எதுவும் இருக்காது. எல்லாம் தொடுகறியில். முன்னால் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். பாஷை வேண்டாம், விரலால் காட்டினால் போதும், எடுத்ததற்குத்தான் காசு. உப்பிலிட்ட முள்ளங்கியைப் பொடியாக நறுக்கி முட்டையில் போட்டுப் பொரித்தது, உப்பிலிட்ட கடுகுக்கீரை, கருவாடு, வறுத்த நிலக்கடலை. அரத்தையும் பட்டையும் அன்னாசிப்பூவும் போட்டு சோயா சாற்றில் வேகவைத்த வாத்துக்கறியும் உண்டு; பார்க்கக் கறுப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

உப்பில் ஊறவைத்த வாத்து முட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஓட்டோடு இரண்டாக அறுத்துத் தருவார்கள். வெள்ளைக்கரு நல்ல கரிப்பு. நடுவில் மஞ்சள்கரு செம்மஞ்சள் நிறத்தில், எண்ணெய் கசிந்து, மணல் மணலாக இருக்கும். கரண்டி நுனியில் கொஞ்சம் கிள்ளி எடுத்து, ஒரு வாய் கஞ்சி. மறுபடி கொஞ்சம். கஞ்சிக்குத் தேங்காய்த் துவையலைத் தொட்டுத் தொட்டு நக்கிய நாக்கு நம்முடையது, அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கே கஞ்சிக்குக் கொடுப்பது குட்டையான பீங்கான் கரண்டி. அதன் குழிவைப் பார்த்ததும் எனக்கு நீங்கள் கஞ்சி குடிக்கப் பிலா இலையைக் கோட்டி ஈர்க்கில் குத்தித் தருவதுதான் ஞாபகம் வந்தது. குச்சியும் வைப்பார்கள். பிடிக்க வராவிட்டால் பரவாயில்லை, ஆனால் அதைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுபத்தி குத்துவது போல இருக்கும் என்று அவர்களுக்கு மனசு கஷ்டப்படும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வீட்டுக்கு ஆள் வந்தால் நீங்கள் கஞ்சிப் பானையை மூடி அடுக்களைக்குள் தள்ளிவிட்டு அவசரமாகச் சோறு வைப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கஞ்சி என்றால் இல்லாதவன் சாப்பாடு, காய்ச்சல்காரன் சாப்பாடு என்று நமக்கு ஒரு நினைப்பு. அங்கே காரில் வந்து இறங்கி, இடம் கிடைக்கும்வரை காத்து நின்று சாப்பிடுகிறார்கள். உங்கள் கைக்கஞ்சியும் பயறும் சுட்ட பப்படமும் அதற்கு எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. அதை நீங்கள் உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மாட்டுக்கறி பற்றிக் கேட்டீர்களாம். குவான்யின் அம்மனைக் கும்பிடும் சீனர்கள் நிறையப் பேர் மாட்டைத் தொடுவதே இல்லை. பன்றி அப்படி இல்லை, சாதாரணமாகப் புழங்கும். சில கறிகளில் பன்றி நெய்யும் இருக்கும், அதனால் முதலிலேயே மகளைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நவராத்திரி வரை அங்கே இருப்பீர்கள் என்றால் இன்னும் நல்லது. நம்ம பத்மநாபபுரத்து சரஸ்வதியம்மன் நவராத்திரிக்கு எழுந்தருளித் திருவனந்தபுரத்தில் இருக்கும் நாட்களை ஒட்டித்தான் பெரும்பாலும் அங்கே ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழா வரும். ஒன்பது நாளும் விரதக்காரர்கள் வெள்ளை உடுத்துச் சைவம்தான் சாப்பிடுவார்கள். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். நோன்பு முறிந்துவிடுமோ என்ற கவலையே வேண்டாம்.

போன முதல் வாரமே மகளோடு போய்விடுங்கள். பிள்ளை பிறந்துவிட்டால் அப்புறம் உங்களுக்கு ஏது நேரம்? பால் விடாத கட்டன்காப்பி வேண்டுமென்றால் ‘கோப்பி ஓ’ என்று கேளுங்கள். சர்க்கரை வேண்டாமென்றால் ‘கோப்பி ஓ கோசோங்’. சாப்பிட்டுவிட்டு அந்த முட்டையைப் பற்றி எனக்கு நாலு வரி எழுதுங்கள். நான் சொன்னால் அண்ணன் நம்பவில்லை, அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்