சத்தம் கேட்கவும் காசா? நம் பட்டறை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், நம் பட்டறையில் வண்டி விடும் அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

பத்து நாளாக வாட்ஸ்அப்பில் நம் பட்டறையைப் பற்றி ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். காரைக்குடியில் கிளம்பி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று போய், கடைசியில் சிங்கப்பூரில் இருக்கும் ஒரு ஆச்சி வரைக்கும் எட்டிவிட்டது. முந்தாநாள் அவர்கள் போன் போட்டு, "என்ன தம்பி, காதை வச்சுக் கேட்டதுக்கு 600 ரூவா வாங்குனியாமே" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்ஜினை நாங்கள் கெடுத்துவிட்டதாக அந்தப் பதிவில் வருகிறது. அதைக்கூட விட்டுவிடலாம், பட்டறை என்று வைத்தால் அந்தப் பேச்சு வரத்தான் செய்யும். "ஒரு திருப்புளியைக் காதில் வச்சான், காசு கேட்டான்" என்று சொன்னதுதான் தூங்கவிடவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவைப் போட்ட அண்ணன் யார் என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம், நல்ல மனிதர், எங்களுக்குப் பழைய வாடிக்கையாளர்.

வண்டி 1999 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வைத்தது. வருஷத்தில் பத்து மாதம் வீட்டுக் கொட்டகையில் உறை போட்டு நிற்கும். இந்த முறை முன்னோர் படைப்புக்கு ஊருக்கு வந்தவர், வீடியோ பார்த்து மூன்று நாள் தாமே வேலை பார்த்திருக்கிறார். நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன். நானும் ஒரு காலத்தில் அப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஆனால் எங்களிடம் வந்தபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "டேப்பட் கவர் பேக்கிங் மாத்தினேன், அதிலிருந்து சத்தம்." (இன்ஜின் மேல்மூடியில் ஆயில் கசியாமல் வைக்கிற பட்டைதான் அந்தப் பேக்கிங்.)

பானெட்டைத் திறந்தால் மேலிருந்து டிக் டிக் என்று வருகிறது. எங்கள் பட்டறைப் பையன் கவரைத் திறந்து பார்த்தான். வால்வைத் தட்டித் திறக்கிற டேப்பட்களில் ஒன்று லூஸ். பேக்கிங்கோடு சேர்த்து டேப்பட்டையும் வீட்டிலேயே செட் பண்ணியிருக்கிறார். எந்த சிலிண்டரின் வால்வைப் பார்க்கிறோமோ அதன் பிஸ்டன் மேலே வந்து, இரண்டு வால்வும் மூடியிருக்கும்போதுதான் டேப்பட்டுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும், இன்ஜினும் ஆறியிருக்க வேண்டும். அந்த இடைவெளி மில்லிமீட்டரில் கால் பங்குக்கும் குறைவு. வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்காமல் திருகினால் ஒன்று லூஸாகும், இல்லாவிட்டால் டைட்டாகும். லூஸ் டேப்பட்டாவது கத்திக் காட்டிக்கொடுக்கும். டைட்டானது சத்தமே போடாது, வால்வு முழுதாக மூடாமல் நின்று, மெல்ல எரிந்துபோகும். அதனால் எல்லாவற்றையும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து மறுபடி செட் பண்ணி, 350 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினோம்.

இரண்டு நாளில் வண்டி திரும்பி வந்தது. டிக் டிக் இல்லை, இப்போது கொர்ர் என்று ஒரு சத்தம். "ஒன்றைச் சரி பண்ணி இன்னொன்றை உண்டாக்கிவிட்டீர்கள்" என்றார். கேட்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும், எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தக் கொர்ர் முதல் நாளே இருந்தது. மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது, மேளம் நின்றதும் விழும். அவ்வளவுதான்.

அன்றைக்கு நானே உட்கார்ந்தேன். "திருப்புளியைக் காதில் வச்சான்" என்று சொன்னாரே, அந்த வேலை என்னவென்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் வண்டியை ஆற விட்டோம். சில சத்தம் குளிர்ந்த இன்ஜினில்தான் வரும், சூடானதும் ஒளிந்துகொள்ளும். சில சத்தம் ஆயில் சூடாகி இளகிய பிறகுதான் வெளியே வரும். அதனால் இரண்டு நிலையிலும் கேட்க வேண்டும், அதற்கே ஒரு மணி நேரம் போய்விட்டது. ஆயில் அளவைப் பார்த்தோம், சரியாக இருந்தது. ஐடிலிங்கில் கேட்டு, மெதுவாக ரேஸ் கொடுத்துக் கேட்டோம். கேம் ஷாஃப்ட் இன்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில்தான் சுற்றும், ஆகவே டேப்பட் தட்டுவது நிதானமாக விழும். பிஸ்டன்கள் சுற்றிவிடும் கிராங்க் ஷாஃப்ட் பக்கத்து பேரிங் இடித்தால் அதைப் போல் இரு மடங்கு வேகத்தில், கீழேயிருந்து கனமாக வரும். அந்தச் சந்தேகத்துக்கு ஒவ்வொரு பிளக்காக இணைப்பை எடுத்துப் பார்த்தோம். எந்த சிலிண்டரை நிறுத்தினால் இடி குறைகிறதோ அதன் பேரிங்கைச் சந்தேகப்படலாம். எதை எடுத்தும் குறையவில்லை, அதனால் பிக் எண்ட் (பிஸ்டன் தண்டு கிராங்க்கில் சேரும் இடத்து பேரிங்) பயம் பெரும்பாலும் போனது. கிளட்ச்சை மிதித்துப் பார்த்தோம், சத்தம் மாறவில்லை, கியர்பாக்ஸ் பக்கமும் இல்லை.

அப்புறம்தான் அந்தத் திருப்புளி. நீளமான திருப்புளியின் முனையை ஒவ்வொரு பாகமாக வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்பது. இரும்பும் அலுமினியமும் சத்தத்தை எங்கெங்கோ கொண்டுபோகும், வெறும் காதுக்கு ஹெட்டில் (இன்ஜினின் மேல்பகுதியில்) கேட்பது நிஜத்தில் முன்பக்கத்தில் பிறந்ததாக இருக்கும். ஓடுகிற பெல்ட்டுக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிற வேலை இது. இன்ஜினை ஆற்றும் தண்ணீரைச் சுற்றவிடுகிற வாட்டர் பம்ப் மேல் வைத்தபோது மாவு மில் மாதிரி அரைத்தது. அப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது, பக்கத்திலேயே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இருக்கிறது. இரண்டையும் ஓட்டுகிற பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிஷம் மட்டும் ஸ்டார்ட் பண்ணினோம். பெல்ட் இல்லாவிட்டால் தண்ணீர் சுற்றாது, அதற்கு மேல் ஓட விடக்கூடாது. கொர்ர் போயே போய்விட்டது. பிறகு இரண்டு புல்லியையும் கையால் ஆட்டிப் பார்த்தால், பம்ப்பில் ஆட்டம் இருக்கிறது.

"பெல்ட்டைத் தொட்டீர்களா அண்ணே?" என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார், ஃபேன் பெல்ட்டும் புதிது போட்டாராம். (800இல் அந்த பெல்ட் ஃபேனை ஓட்டுவதே இல்லை, ஃபேனுக்குத் தனி மோட்டார் உண்டு. பழக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.) வழுக்கக் கூடாது என்று வீணைத் தந்தி மாதிரி இறுக்கியிருக்கிறார். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சமாவது அமுங்க வேண்டும். அந்த இழுப்பு பம்ப், ஆல்டர்னேட்டர் இரண்டின் பேரிங் மேலும் விழும். பம்ப்பில் இருந்தது பழைய பேரிங், தாங்கவில்லை.

இந்த வார்த்தையை முதல் நாளே சொல்லியிருந்தால் பத்து நிமிஷ வேலை. முதல் தடவையே நாங்களும் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்திருக்கலாம்தான். எங்கள் மூத்த மெக்கானிக் சித்திரையில் குவைத்துக்குப் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் வண்டி வாசலில் நுழையும்போதே சொல்லியிருப்பார். பையன் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறான், அவனை யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இரண்டரை மணி நேரம், இரண்டு ஆள், 600 ரூபாய். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்ததற்கு நாம் பீஸ் கொடுக்கிறோம், பாகம் எதுவும் மாற்றாவிட்டாலும் கொடுக்கிறோம். அடுத்தடுத்துப் பாகத்தை மாற்றிப் பார்க்கிற பட்டறைகள் உண்டு. அங்கே சத்தம் கேட்பதற்குக் காசு கிடையாது, உண்மைதான். ஆனால் வாட்டர் பம்ப்பில் இருந்த கோளாறுக்கு நீங்கள் ஹெட் வேலைக்குக் காசு கொடுத்திருப்பீர்கள்.

அம்பாசடரும் மாருதி 800ம் ஒரே வருஷத்தில், 2014இல், தயாரிப்பில் நின்றுபோயின. நல்ல பாகம் கிடைப்பது வர வரக் கஷ்டமாகிறது, விலையும் ஏறுகிறது. வாடகை, கரண்ட், ஆள் கூலி எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. ஆடி முதல் தேதியிலிருந்து சத்தப் பரிசோதனை 800 ரூபாய், இதுவரை செய்ததுபோல் அதை வேலை பில்லில் இனி கழிக்க இயலாது. மற்றபடி எல்லாம் பழையபடிதான்.

2020இல் ஊரடங்கின்போது பட்டறை பூட்டிக் கிடந்தது. "அப்புறம் வேலையில் கழித்துக்கொள்" என்று முன்பணம் அனுப்பியவர்கள் உங்களில் பலர். பிள்ளையார் நோன்புக்கு வரும்போதெல்லாம் வண்டியோடு மனகோலமும் சீப்புச்சீடையும் கொண்டுவந்து கொடுக்கும் ஆச்சிமார்கள் இருக்கிறீர்கள். இந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மறுநாளே வழக்கம்போல வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களும் உண்டு. இதையெல்லாம் நான் மறக்க மாட்டேன்.

வீட்டில் வேலை பார்க்கிறவர்கள் தாராளமாகப் பாருங்கள். எதைக் கழற்றினீர்கள், எதை இறுக்கினீர்கள் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள், நான் திட்ட மாட்டேன். கழற்றிய பழைய பாகத்தைக் குப்பையில் போடாமல் கையோடு கொண்டுவாருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தைப் போனில் பதிவு பண்ணி அனுப்பினால் எனக்குப் பாதி வேலை மிச்சம். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும், முதல் சில விநாடி டிக் டிக் என்றால் பயப்பட வேண்டாம். ஆனால் சிவப்பு ஆயில் விளக்கு அணையாமல் நின்றாலோ, கீழேயிருந்து உலக்கை இடிக்கிற மாதிரி வந்தாலோ உடனே ஆஃப் பண்ணிவிட்டு எனக்குப் போன் போடுங்கள். "பட்டறை வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம்" என்று மட்டும் வேண்டாம்.

அந்த அண்ணனுக்குப் புது பம்ப் போட்டுக் கொடுத்தாயிற்று, வண்டி நன்றாக ஓடுகிறது. கழற்றிய பம்ப் என் மேசை மேல்தான் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம். கையால் சுற்றினால் இன்னும் கொர்ர் என்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைக்காரன்,
காரைக்குடி.