நாலு விரல் ஆட்டம்

காக்கி புக்கிட், சிங்கப்பூர்

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை அதிகம் என்று புளுக மாட்டேன், ஞாயிற்றுக்கிழமைகளைத் தூங்கியே தீர்த்தேன். தாத்தா ஆகிவிட்டாயே! பேத்திக்கு மோதிரம் வாங்கத் தேக்கா பக்கம் போக வேண்டும். முழங்கால் வலி என்று எழுதியிருந்தாய். எனக்கும்தான். பள்ளத்துக்குள் இறங்கி நின்ற வருஷங்களுக்கு வட்டி கட்டுகிறோம்.

போன வாரம் ஒரு பழைய பஸ் வந்தது. தங்குவிடுதியிலிருந்து ஆட்களைத் துவாஸுக்கு ஏற்றிப்போகிற வண்டி. ஜொகூர்க்கார டிரைவர், நிதானமான மனிதர். "அண்ணே, விரைவுச்சாலையில் 60-லேயே அலைகிறது, விடாமல் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது" என்றார். ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தேன். நாலு விரல் அகலத்துக்குச் சும்மா ஆடுகிறது, சக்கரம் அசையவில்லை.

நம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தஞ்சாவூர்ப் பையன், நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஸ்டீயரிங் பாக்ஸில் ஆட்டத்தைக் குறைக்கும் திருகை முடுக்கிவிட்டான். ஆட்டம் குறைந்தது, பையனுக்குச் சந்தோஷம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தால், வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை, இறுகி நிற்கிறது. இதற்கு முந்தைய அலைச்சலே தேவலை. திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன்.

அப்புறம் நம் பழைய முறைதான். சக்கரம் தரையிலேயே இருக்க, இன்ஜினை ஓடவிட்டு, டிரைவரை இடமும் வலமும் லேசாக ஆட்டச் சொல்லிவிட்டுக் கீழே படுத்தேன். பையனையும் பக்கத்தில் படுக்க வைத்தேன். பாக்ஸிலிருந்து தொங்குகிற டிராப் ஆர்ம் கெட்டியாக இருந்தது. அடுத்து, அந்த ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கிற ராடான டிராக் லிங்கின் முன் முனையில் இருக்கும் உருண்டை மூட்டு, பால் ஜாயிண்ட். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாதி ராடிலும் பாதி ஆர்மிலும் படுகிற மாதிரி அவன் விரலை எடுத்து வைத்தேன். ஒவ்வொரு ஆட்டுக்கும் 'டக்'. "அண்ணே, இங்கே இடிக்குது" என்றான். ஜாயிண்டை மூடும் ரப்பர் உறையை விலக்கினால் கிரீஸே இல்லை, செங்கல் பொடி போலத் துரு. உறை கிழிந்து எத்தனை மழைத் தண்ணீர் உள்ளே போயிற்றோ.

கையோடு கையாக முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம். கொஞ்சம் ஆட்டம். டிரைவரைப் பிரேக் மிதிக்கச் சொன்னதும் நின்றுவிட்டது. அப்படியானால் சக்கரத்தைச் சுழலவிடும் ஹப் பேரிங்தான், சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாக நிற்கும் கிங் பின் தப்பியது. முதலாளி செலவைக் கேட்டு முகம் சுளித்தார், அது அவர் வழக்கம்.

கழற்றுவதுதான் பெரும்பாடு. ஜாயிண்டின் கூம்பான தண்டு, டேப்பர், துருவில் பிடித்துக்கொண்டு அசைய மறுத்தது. நட்டைக் கடைசி மரை வரை தளர்த்தி வைத்துவிட்டு, தண்டு நுழைகிற ஆர்மின் கண்ணில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுத்தியலால் அடித்தோம். ஏழாவது அடியில் 'டங்' என்று விட்டது. பழைய ஜாயிண்ட் எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றினோம். இல்லாவிட்டால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்குமே. நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் ஓட்டை நேர்படவில்லை என்று பையன் நட்டைத் தளர்த்தப் போனான். அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினேன். இறுக்கித்தான் நேர்படுத்த வேண்டும் என்று எனக்கு நீ கத்தியது நினைவிருக்கிறதா? அதே குரலில் கத்தினேன். முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடைத் தொடவில்லை, இருந்தாலும் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவான டோ-இன் அளந்து பார்த்தேன், சரியாகவே இருந்தது.

மறுநாள் டிரைவர் போன் செய்து, "ஒரு கையால் ஓட்டலாம்" என்றார். "ரெண்டு கையாலயே ஓட்டுங்க" என்றேன்.

பழைய ஜாயிண்டைப் பையன் தன் டூல் பெட்டியில் வைத்திருக்கிறான், வருகிறவர்களிடம் ஆட்டிக் காட்டுகிறான். உன்னிடமிருந்த அந்தக் கனமான சுத்தியல் இன்னும் இருக்கிறதா? பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், எனக்கென்று எடுத்து வை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
மச்சான்