சிவப்பு மை

அன்புள்ள கண்ணா,

போனில் நீ சொன்னதையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். “நான் சோம்பேறி ஆகிட்டேம்மா, வேலையில மனசே ஒட்டல” என்றாய். சம்பளத்தை உயர்த்தப் போகிறார்களாம், அதிலும் சந்தோஷம் இல்லையாம். உன்னைப் பெற்றவள் சொல்கிறேன், நீ சோம்பேறி இல்லை.

என் கதையைக் கேள். கணக்குப் பிரிவில் நான் சேர்ந்தபோது இருந்த அதிகாரி எதையும் பூட்டியே வைப்பார். கார்பன் தாள் வேண்டுமென்றால்கூட அவர் மேஜை முன்னால் போய் நிற்க வேண்டும். கூட்டலில் பிழை இருந்தால் சிவப்பு மையால் பெரிதாக வட்டம் போட்டு, எல்லார் கண்ணிலும் படும்படி பேரேட்டை விரித்தே வைத்துவிடுவார். இப்படி மூன்று வருடம். கடைசியில் நான் எப்படி ஆனேன் தெரியுமா? ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே பேனாவை மூடிவிடுவேன். பக்கத்து மேஜைக்காரர் தப்பாகக் கூட்டுவது தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். நமக்கென்ன வந்தது!

அப்புறம் அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் முதல் வாரமே அலமாரிச் சாவியை என் கையில் கொடுத்தார். “சின்னத் தொகை பில்லையெல்லாம் நீங்களே பார்த்து முடிச்சிடுங்க, சந்தேகம்னா மட்டும் வாங்க” என்றார். அதே நாற்காலி, அதே சம்பளம், தலைக்கு மேலே கிறீச்சிடும் அதே மின்விசிறி. நான்தான் வேறு ஆளாகிவிட்டேன். யாரும் சொல்லாமலே ஒவ்வொரு கணக்கையும் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

இன்னொன்று, இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பழைய அதிகாரி இருந்த காலத்தில் எனக்குக் கீழே ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அவள் செய்த முதல் பிழைக்கு நானும் சிவப்புப் பேனாவை எடுத்து வட்டம் போட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதரின் குணம் எனக்கு எப்போது தொற்றியது என்று இன்றுவரை புரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். (அம்மா ஆராய்ச்சி பேச ஆரம்பித்துவிட்டாள் என்று சிரிக்காதே.) பிரிட்டனில் 1967-ல் தொடங்கி, 17,000-க்கும் மேற்பட்ட ஆண் அரசு ஊழியர்களை வருடக்கணக்கில் கவனித்தார்கள். வைட்ஹால் ஆய்வு என்று பெயர். மாரடைப்பு பெரிய அதிகாரிகளுக்குத்தான் வரும் என்று நாம் நினைப்போம். அங்கே இதய நோயால் இறந்தவர்கள் விகிதம், உச்சியில் இருந்தவர்களைவிடக் கடைநிலையில் ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த வித்தியாசம் முழுதாகப் போகவில்லை. 1985-ல் தொடங்கி மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளர் பெண்களையும் சேர்த்து 10,000 பேருக்கு மேல் மறுபடி ஆராய்ந்தபோது, தன் வேலை தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் இருப்பதற்கும் இதய நோய்க்கும் தொடர்பு தெரிந்தது.

சம்பளத்துக்கும் வருகிறேன். யோஹானஸ் சீக்ரிஸ்ட் என்ற சமூகவியலாளர் 1996-ல் எழுதியது: உழைப்புக்குக் கிடைக்கும் பலனில் பணத்தோடு மரியாதையும், வேலை நிலைக்கும் என்ற உறுதியும், மேலே வர வழியும் அடக்கம். இவை உழைப்புக்கு ஈடாக இல்லாவிட்டால் உடம்பு கெடுகிறது.

அதற்காகப் பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிடாதே, வாங்கிக்கொள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்ன செய்தாய் என்று எழுதி அனுப்பச் சொல்கிறார்கள் என்றாயே, அதை முதலில் பேசு. நாள் முடிவில் ஒரே தடவையாக அனுப்பினால் போதாதா என்று கேள். சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே கேள், போட்ட பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள். முடியவே முடியாது என்றால், வேறு இடம் பார்ப்பதில் ஒன்றும் தப்பில்லை.

சரி, ஒரு கேள்வி. உனக்குக் கீழே இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்றாய். அவர்களிடம் நீயும் அந்த இரண்டு மணி நேரக் கணக்கைக் கேட்கிறாயா? அதை மட்டும் நீ சொல்லவே இல்லை.

அன்புடன்,
அம்மா