28 மி.மீ. பின், 22 மி.மீ. ஓட்டை: இன்னும் மாட்டாத ரோட்டாவேட்டர் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். டிராக்டர் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் உங்கள் ரோட்டாவேட்டர் வந்து இறங்கி 19 நாள் ஆகிறது. இன்னும் ஒரு சால்கூட ஓட்டவில்லை. வண்டியில் மாட்டினால்தானே ஓட்டுவதற்கு!

என் டிராக்டர் கேட்டகரி 1, அதாவது சின்ன அளவு பின் மாட்டும் வகை. மெஷினைத் தூக்கும் இரண்டு கீழ்க் கைகளின் (லோயர் லிங்க்) நுனியில் உள்ள பந்தின் ஓட்டை 22 மில்லிமீட்டர். ஆர்டரிலும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் அனுப்பிய மெஷினில் அந்த ஓட்டைக்குள் போகவேண்டிய பின் 28. மேல் கையான டாப் லிங்க்கில் மாட்டும் பின்னும் 19-க்குப் பதில் 25. கேட்டகரி 2 என்று உங்கள் தகட்டிலேயே அடித்திருக்கிறது, யாரும் படிக்கவில்லை போலும்.

போன் செய்தால் ஒருவர், "டிராக்டர் ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?" என்கிறார். முதலில் இடது கை, பிறகு வலது கையை ஏற்றி இறக்கிப் பொருத்தணும், கடைசியில் டாப் லிங்க் என்று எனக்கே பாடம் எடுத்தார். பொறுத்துக்கொண்டேன். "நாலு அடி அடிங்க, ஏறிடும்" என்றாரே, அதைத்தான் மறக்க முடியவில்லை. 6 மில்லிமீட்டர் வித்தியாசம், ஐயா! இரும்பு என்ன, களிமண்ணா?

பிறகு புஷ் அனுப்பினீர்கள். மெல்லிய பின் பெரிய ஓட்டையில் ஆடாமல் இருக்கப் போடும் இரும்பு வளையம்தான் புஷ். இங்கே பின்தான் தடிமன். அந்தப் புஷ் பந்துக்குள்ளும் போகாது, பின்னின் மேலும் ஏறாது.

சர்வீஸ் சென்டருக்கு எடுத்து வரச் சொன்னதால் வாடகை வண்டி பிடித்து, நாலு பேரை வைத்து ஏற்றிக்கொண்டு போனேன். "டிராக்டர்ல மாட்டிக்கிட்டு வந்தாத்தான் பார்ப்போம்" என்றார் அங்கிருந்தவர், நாற்காலியை விட்டு எழாமலே. மாட்ட முடியவில்லை என்பதுதானே புகாரே! இறக்கக்கூட இல்லை, அப்படியே திரும்பக் கொண்டு வந்தேன். அந்த ஒரு நாள் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மாட்டிய பின் கழன்று வராமல் தடுக்கும் லிஞ்ச் பின்னும் ஒன்று குறைகிறது, சொல்ல மறந்துவிட்டேன். டிராக்டரின் சுழற்சியை மெஷினுக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட் மட்டும் அச்சாகப் பொருந்துகிறது, அதற்கு நன்றி.

மண்ணில் இருந்த ஈரமெல்லாம் போய்விட்டது. இந்தப் போகமே உங்களால் நாசம்.

தயவுசெய்து கேட்டகரி 1 பின்களை உங்கள் ஆளே கொண்டு வந்து மாட்டித் தரட்டும். முடியாதென்றால் மெஷினை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள். வரும் திங்கட்கிழமை வரை பார்ப்பேன். அதற்கு மேல் நுகர்வோர் நீதிமன்றத்தில் சந்திப்போம். தகட்டின் படமும் ஆர்டர் நகலும் கையில் இருக்கின்றன.

புஷ் இரண்டையும் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வாடிக்கையாளர்