கண்மாய் வேலையை லாரிக் கணக்கில் அளக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை பிறந்ததும் கண்மாய் தூர்வாரும் செய்திகள் வரத் தொடங்கிவிடும். எத்தனை கண்மாய்கள், எத்தனை லட்சம் ரூபாய், எத்தனை கன மீட்டர் மண் என்ற எண்கள் அவற்றில் தவறாமல் இருக்கும். அந்த வேலையால் தை மாதத்தில் எத்தனை ஏக்கருக்குக் கூடுதலாக ஒரு தண்ணீர், அதாவது ஒரு முறைப் பாய்ச்சல், பாய்ந்தது என்ற எண் மட்டும் எங்கும் கண்ணில் படுவதில்லை. கண்மாய்ப் பாசன நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுதாரருக்கு வேண்டியது அந்த ஓர் எண்தான். வேளாண் பொருளியல் துறையில் இருப்பவர்கள் என்ற முறையில், கண்மாய் வேலையின் பலனை எப்படிக் கணக்கிட வேண்டும், இப்போதைய கணக்கு எங்கே தவறுகிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரிக் கண்மாய்களில் நெல் பெரும்பாலும் புரட்டாசியில் புழுதியில் விதைக்கப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்து, மார்கழிக் கடைசியிலும் தையிலும் கதிர் விட்டுப் பால் பிடிக்கிறது. மழை அதற்குள் ஓய்ந்துவிடும். கண்மாயும் வற்றத் தொடங்கும். அந்த நேரத்தில் ஒன்றிரண்டு தண்ணீர் கிடைக்காவிட்டால் நெல் மணி பிடிக்காமல் சாவியாகப் போகும். விதை, உழவு, உரம், களையெடுப்பு என்று அதுவரை போட்ட பணம் அத்தனையும் அதோடு போகும். எனவே கடைசித் தண்ணீரின் மதிப்பு மற்றத் தண்ணீரைவிடப் பல மடங்கு. மொத்த விளைச்சலின் விலையை மொத்தத் தண்ணீரால் வகுத்து ஒரு சராசரி சொல்லும் திட்ட அறிக்கைகள் இந்த அடிப்படையையே தவறவிடுகின்றன. கார்த்திகையில் மழையோடு மழையாக வீணாகும் நீரும், தையில் மடையை (கண்மாய்நீரை வயலுக்குத் திறந்துவிடும் மதகை) விட்டு இறங்கும் நீரும் அந்தச் சராசரியில் ஒரே விலை பெறுகின்றன.

முதலில் அளவுகள். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட ஏறத்தாழ 200 கன மீட்டர் வேண்டும். மண் வாய்க்காலில் மூன்றில் ஒரு பங்கு ஊறிப் போகும் என்று வைத்தால், மடையில் 300 கன மீட்டர் திறந்துவிட வேண்டும். 10 லட்சம் கன அடி என்பது சுமார் 28,300 கன மீட்டர். அது 90 ஏக்கருக்குச் சற்று மேல் ஒரு முறை பாயும். இந்தக் கொள்ளளவைத் தோண்டி உண்டாக்க 10,000 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண் எடுக்க வேண்டும். அதையும் குழியில் அளக்க வேண்டும். வெட்டிய மண் இளகி, லாரியில் கூடுதல் இடம் பிடிக்கும். லோடு எண்ணிக்கையை வைத்துக் கொள்ளளவு சொன்னால் உள்ளதைவிட அதிகமாகத்தான் வரும். வேலைக்கு முன்னும் பின்னும் மட்டம் பார்த்து எழுதுவதே சரியான அளவு.

எடுத்துக்காட்டுக்கு, ஒரு யூனிட் வெட்டி அப்புறப்படுத்த 200 ரூபாய் என்று கொள்வோம். விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் முறை மாறாது. 10,000 யூனிட்டுக்கு 20 லட்சம் ரூபாய். தோண்டிய பள்ளம் மீண்டும் தூர்ந்துபோகப் பத்து ஆண்டு ஆகும் என்றும், வட்டி 8 சதவீதம் என்றும் வைத்தால், ஆண்டுச் செலவு ஏறத்தாழ 2.98 லட்சம். ஆனால் கூடுதல் கொள்ளளவு உதவுவது கண்மாய் நிரம்பிக் கலுங்கு (உபரிநீர் வெளியேறும் வழி) பாயும் ஆண்டில் மட்டுமே. பாதி நிரம்பும் ஆண்டில் பழைய கொள்ளளவே காலியாகக் கிடக்கும்போது புதிய பள்ளத்தால் என்ன பயன்? பத்தில் நான்கு ஆண்டு நிரம்பும் கண்மாய் என்றால், பலன் தரும் ஒவ்வோர் ஆண்டுக்கும் செலவு 7.45 லட்சமாகிறது. 90 ஏக்கருக்கு வகுத்தால், ஒரு ஏக்கருக்கு ஒரு தண்ணீரின் அடக்க விலை 8,000 ரூபாய்க்கு மேல்.

இப்போது மடையைப் பாருங்கள். மூடிய பிறகும் வினாடிக்கு 5 லிட்டர் ஒழுகும் மடை 60 நாளில் 25,920 கன மீட்டரை வெளியே விடுகிறது. அது 9 லட்சம் கன அடிக்கு மேல். அதாவது 20 லட்சம் ரூபாய் கொடுத்துத் தோண்டும் கொள்ளளவுக்கு ஏறக்குறையச் சமமான தண்ணீர், பழுதான ஒரு ஷட்டர் வழியே போகிறது. அதுவும் நிரம்பும் ஆண்டு, நிரம்பாத ஆண்டு என்ற வேறுபாடு இல்லாமல் போகிறது. ஒழுகுவது முழுவதும் நட்டம் என்று நாங்கள் சொல்லவில்லை. பயிருக்குத் தேவையான நாளில் அது வயலுக்குப் போகும், ஒரு பகுதி கீழே உள்ள கிணறுகளில் ஊறும். ஆனால் இரவிலும், வயலில் மழைநீர் நிற்கும் நாட்களிலும் ஒழுகி வடிகாலில் சேர்வது நட்டமே. மொத்த ஒழுக்கில் பாதியை மிச்சப்படுத்தினாலும் 43 ஏக்கருக்குக் கடைசித் தண்ணீர் உண்டு. மடை சீரமைப்புக்கு ஆகும் செலவு அந்த 20 லட்சத்தின் அருகில்கூட வராது.

ஒழுக்கை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். மடையை இறுக மூடிவிட்டு, கீழே வாய்க்காலில் 10 மீட்டர் நேரான பகுதியைத் தேர்ந்து இரு முனையிலும் குச்சி நட வேண்டும். நீரின் அகலத்தையும் ஆழத்தையும் மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஓர் இலையை மிதக்கவிட்டு அது கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒரு அடி அகலம், இரண்டு அங்குல ஆழம், 25 வினாடியில் 10 மீட்டர் என்றால், ஒழுக்கு வினாடிக்கு 6 லிட்டருக்குச் சற்று மேல். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும். அதனால் கிடைக்கும் வேகத்தை 0.85 ஆல் பெருக்கிக்கொள்வது நல்லது; அப்போது 5 லிட்டருக்குச் சற்று மேல் வரும். கூடவே ஒழுகும் நீரின் நிறத்தையும் பார்க்க வேண்டும். தெளிவாக வந்தால் ஷட்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது திருகுத் தண்டு வளைந்திருக்கிறது, அல்லது கட்டுமானத்தின் இணைப்பு விட்டிருக்கிறது. கலங்கலாக வந்தால் கரை மண் கரைந்து வருகிறது என்று பொருள். அது தண்ணீர் நட்டத்தோடு நிற்காது. கரை உடையும் அபாயம். அன்றே பொறியாளருக்குத் தகவல் போக வேண்டும்.

தோண்டுவதே கூடாது என்பது எங்கள் கருத்தன்று. எங்கே தோண்டுகிறோம் என்பதுதான் கேள்வி. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் தானாக வயலுக்கு ஏறாது. மாடு குடிக்கும், மீன் வளரும், கிணறு ஊறும். ஆயக்கட்டுக்கு ஒரு சொட்டும் வராது. அந்தப் பள்ளத்தையும் சேர்த்துக் கூடுதல் பாசனப் பரப்பு காட்டும் அறிக்கை தவறானது. கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். சில கண்மாய்களில் மேலே கொஞ்சம் களி, கீழே சரளை இருக்கும். அந்தக் களியை வழித்தெடுத்தால் நீர் வேகமாகக் கீழிறங்கும். கிணறு வைத்திருப்பவருக்கு அது ஆதாயம், மடைநீரை மட்டும் நம்பியவருக்கு இழப்பு. மொத்தப் பலன் கூடினாலும் யார் பெற்றார், யார் இழந்தார் என்று தனித்தனியாக எழுதாத ஆய்வு அரைகுறை ஆய்வுதான்.

கிணறு பற்றிய இந்தக் கேள்வி புதிதல்ல. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கே. பழனிசாமியும் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஈஸ்டரும் 1980களிலிருந்தே தமிழகக் கண்மாய்களை ஆராய்ந்திருக்கிறார்கள். கண்மாய்நீர் குறையும்போது கிணற்றுநீர் சேர்ந்தால் விளைச்சல் நிலைக்கிறது. ஆனால் கிணறுகள் பெருகப் பெருக, வரத்துக்கால் வெட்டவும் மடை காக்கவும் ஊர் கூடுவது குறைகிறது. காரணம் எளிது. கிணறு உள்ளவருக்கு மின்சாரம் இலவசம், கண்மாய் வற்றினாலும் பயிர் காப்பாற்றப்படும். கிணறு இல்லாதவர் அவரிடம் மணிக்கணக்கில் தண்ணீர் வாங்க வேண்டும். ஆகவே கடைசித் தண்ணீருக்கு விலை போட வேண்டுமானால், தை மாதத்தில் அந்த ஊரில் கிணற்றுநீர் மணிக்கு என்ன விலைக்கு விற்கிறது, ஏக்கருக்கு எத்தனை மணி ஓடுகிறது என்று கேட்டால் போதும். சந்தையே சொல்லும் விலை அது.

அடுத்து, சங்கிலிக் கண்மாய்கள். மேல் கண்மாயின் கலுங்கு நீர்தான் கீழ் கண்மாயின் வரத்து. மேலே ஆழப்படுத்தினால் கலுங்கு தாமதமாகப் பாயும். கீழ் கண்மாய்க்கு அந்த அளவு குறையும். மேல் ஊரின் கணக்கில் வரும் பலன் கீழ் ஊரின் இழப்பாக இருந்தால் மொத்தத்தில் கூடியது ஒன்றுமில்லை. கடைசிக் கண்மாயும் நிரம்பி ஓடைக்குப் போகும் நீரைப் பிடித்தால்தான் அது உண்மையான ஆதாயம். தனித்தனிக் கண்மாய்க்கு மதிப்பீடு போடும் வழக்கம் இதை மறைத்துவிடுகிறது. கலுங்கை உயர்த்தும்போதும் இதே சிக்கல்: உள்வாயில் (கண்மாயின் நீர்பரப்பு ஓரத்தில்) பட்டா நிலம் வைத்திருப்பவரின் பயிர் மூழ்கும், அவர் இரவோடு இரவாகக் கலுங்கை உடைப்பார்.

பலனை மதிப்பிடும் ஆய்வுகளில் ஆண்டுத் தேர்வு மிகப் பெரிய பிழை. 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2021இல் 59 சதவீதம் கூடியது. 2017இல் குடிமராமத்து (ஊரார் பங்கேற்கும் சீரமைப்பு) செய்த கண்மாயை எடுத்து, முந்தைய நிலைக்கு 2016ஐயும் பிந்தைய நிலைக்கு 2021ஐயும் வைத்தால், ஒரு கூடை மண்கூட அள்ளாத கண்மாயும் அற்புதமாக முன்னேறியதாகத் தெரியும். அதே மழை பெற்ற, வேலை நடக்காத கண்மாயோடு ஒப்பிட்டால்தான் மழையின் பங்கும் வேலையின் பங்கும் பிரியும். அந்த ஒப்பீட்டுக் கண்மாய் அதே சங்கிலியில் இருக்கக் கூடாது. மேலே சொன்ன காரணத்தால் அதன் வரத்தே மாறியிருக்கும். பரப்பு விவரம் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டில் பசலிவாரியாக (வருவாய்த் துறை ஆண்டுவாரியாக) இருக்கிறது. பத்துப் பசலிக்கு எடுத்து, பயிரான பரப்பையும் அறுவடையான பரப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விதைத்து அறுக்காமல் விட்ட ஏக்கர்களில்தான் கடைசித் தண்ணீரின் கதை முழுவதும் இருக்கிறது.

வண்டல் பற்றிச் சுருக்கமாக. அரசு விதியின்படி விவசாயத்துக்கு நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை இலவசமாக எடுக்கலாம். செம்மண், மணற்பாங்கான நிலத்துக்கு அது நன்மை; கரிசலுக்கு அவ்வளவு பயனில்லை. எடுப்பதற்கு முன் மண் ஆய்வுக்கூடத்தில் கார அமில நிலையும் உப்பின் அளவும் பார்த்துவிட வேண்டும். களர் வண்டலைக் கொட்டிய வயலைத் திருத்த வண்டல் கூலியைவிடப் பல மடங்கு செலவாகும்.

எங்கள் கணக்கில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது நீர்பாய்ச்சியின் வேலை. மழை பெய்த இரவு போய் மடையை அடைப்பதும், கடைமடைக்கு முறை வைத்துத் தண்ணீர் தள்ளுவதும் அவர்தான். பழைய ஏற்பாட்டில் இந்த வேலை பல ஊர்களில் குறிப்பிட்ட சாதியினர் மேல் சுமத்தப்பட்டு, களத்தில் அள்ளிக் கொடுத்த நெல்லோடு முடிந்தது. அந்த முறை திரும்ப வர வேண்டாம். மாதச் சம்பளத்தோடு, யார் வேண்டுமானாலும் மதிப்போடு செய்யக்கூடிய வேலையாக அது மாற வேண்டும். பணத்துக்கும் வழி இருக்கிறது. மீன்பாசி ஏலம், கருவேல மர ஏலம், கரைப் பனை குத்தகை என்று கண்மாய்க்கே வருமானம் உண்டு. அது பொது நிதியில் கலந்துவிடுகிறது, கண்மாய்க்குத் திரும்புவதில்லை. அதில் ஒரு நிலையான பங்கை அந்தக் கண்மாயின் பாசன சபைக் கணக்கில் வைத்து, முதல் செலவாக நீர்பாய்ச்சி சம்பளத்தையும் இரண்டாவதாக மடைக்கு எண்ணெய், கிரீஸ், ஷட்டர் பழுதையும் எழுதினால் போதும்.

நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை. திட்ட மதிப்பீடு இப்போது பெரும்பாலும் பங்குனி, சித்திரையில் கண்மாய் காய்ந்த பிறகு தயாராகிறது. காய்ந்த கண்மாயில் மடை ஒழுகுவது எந்தப் பொறியாளர் கண்ணுக்கும் தெரியாது; மேடிட்ட தரைதான் தெரியும். மதிப்பீட்டில் தோண்டுதல் பெரிதாகவும் மடை சிறிதாகவும் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கிறது. இரண்டு தரப்பும் மார்கழியில், தண்ணீர் நிற்கும்போதே, பாசன சபையினரோடு கரையில் நடந்து ஒழுக்கை அளந்து பதிவேட்டில் எழுதட்டும். வேலை சித்திரையில் நடக்கட்டும். அடுத்த மார்கழியில் அதே இடத்தில் அதே இலையை மிதக்கவிட்டு மறுபடி அளக்கட்டும். தங்கள் நிருபர்களும் தூர்வாரும் செய்தி எழுதும்போது மடையின் அடிமட்டம் என்ன, ஒழுக்கு முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டு வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வேளாண் பொருளியல் துறை வாசகர்கள்,
சிவகங்கை மாவட்டம்