பைபாஸ் ஆன வயிற்றில் விப்பிள்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

எடை குறைக்க ரூ-என்-வை பைபாஸ் செய்துகொண்டவருக்குக் கணையத் தலையில் புற்றுநோய் வந்தால், அந்தத் தலையை டியோடினத்தோடு (முன்சிறுகுடல்) சேர்த்து எடுக்கும் விப்பிள் ஆபரேஷனை எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தாய். அந்த பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியை மட்டும் சிறு பையாகப் பிரித்து (மேல்பை), கீழேயிருந்து கொண்டுவந்த சிறுகுடலை (ரூ குடல்) அதில் இணைத்திருப்பார்கள்; மீதி இரைப்பை உணவு போகாமல் ஒதுங்கியிருக்கும். முதலில் பழைய ஆபரேஷன் குறிப்பைத் தேடிப் பிடி. ரூ குடல் பெருங்குடலுக்கு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா, பித்தநீர் வரும் குடல் எத்தனை செ.மீ. என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

காமாலைக்கு வழக்கமான ஈஆர்சிபி (வாய்வழி எண்டோஸ்கோப் விட்டுப் பித்தநாள அடைப்பைத் திறப்பது) நடக்காது. எண்டோஸ்கோப் டியோடினத்தை எட்டாது. ரத்தத்தில் பிலிருபின் (காமாலையின் அளவு) 15 மி.கி./டெ.லி.-க்குள் இருந்து, காய்ச்சலும் இல்லை, கீமோவும் முதலில் தரப்போவதில்லை என்றால் நேராக ஆபரேஷனுக்குப் போய்விடலாம். பித்தநீரை வடித்தே ஆகவேண்டுமென்றால் தோல் வழியாகக் கல்லீரலில் குழாய் வை. மேல்பைக்கும் ஒதுக்கிய இரைப்பைக்கும் இடையே ஸ்டென்ட் போட்டு வழி திறப்பதும் உண்டு. நாம் பிறகு அறுக்கப்போகும் இடத்திலேயே ஓட்டை விழும் என்பதால் எனக்கு அதில் மனமில்லை.

ஒதுக்கிய இரைப்பையைச் சேர்த்தே எடுத்துவிடு. விட்டுவைத்தால் சுரப்பு வெளியேற வழியின்றி வீங்கித் தையல் பிரியும். அதற்காகவே தனியாக ஒரு குடல் இணைப்பு போடவேண்டி வரும். விப்பிளில் காஸ்ட்ரோடியோடினல் தமனியையும் (இரைப்பைக்கும் டியோடினத்துக்கும் ரத்தம் தருவது) வலது இரைப்பைத் தமனியையும் கட்டிய பிறகு அதற்கு ரத்தம் வருவதும் பெரும்பாலும் மண்ணீரல் பக்கத்திலிருந்துதான். எடுத்துவிட்டால் இரைப்பை இணைப்பே தேவையில்லை. கணையத்தையும் பித்தநாளத்தையும் பித்தநீர்க் குடலிலேயே தைத்துக்கொள்ளலாம். அது குட்டையாக இருந்தால், கீழேயிருந்து புதிதாக ஒரு ரூ குடலைக் கொண்டுவர வேண்டும். பீட்டர்சன் இடைவெளியை (ரூ குடலுக்குப் பின்னால் விழும் சந்து) மூடாமல் வயிற்றை மூடாதே; குடல் அதில் நுழைந்து முறுக்கிக்கொள்ளும்.

இடது இரைப்பைத் தமனியில் மட்டும் கைவைக்காதே. மேல்பைக்கு உயிர் அதுதான். ஸ்லீவ் (எடைக்காக இரைப்பையைக் குழாய் போல் வெட்டிக் குறைக்கும் ஆபரேஷன்) ஆனவருக்கு இது இன்னும் கண்டிப்பு. பெருவளைவுத் தமனிகள் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கும்.

டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை டிரிப்) ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) கொடு. பி.டி. (ரத்தம் உறையும் நேரம்) நீண்டிருந்தால் வைட்டமின் கே. இரும்பு, பி12, டி மூன்றையும் பார். ஆபரேஷனுக்குப் பிறகு ஒவ்வொரு சாப்பாட்டோடும் 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் கணைய நொதி), நொறுக்குத்தீனிக்கு 25,000.

உன் ஜூனியர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல். பைபாஸ் முடிந்து ஓரிரு ஆண்டில் எடை நிலைத்துவிடும். அதன் பிறகும் இறங்கினால், அல்லது அடங்கியிருந்த சர்க்கரை மறுபடி ஏறினால், 'ஆபரேஷன் நன்றாக வேலை செய்கிறது' என்று பாராட்டி அனுப்பாமல் கணையத்துக்கு சிடி எடுக்கட்டும். தாமதம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

சிடி வந்ததும் அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
இளங்கோ